ஆற்று மணலில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசு: மகளின் கல்லூரிப் பணத்தில் வாங்கலாமா?

கேள்வி: வயது 47. கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஆலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வங்கி டெபாசிட் முதிர்ந்து 6 லட்சம் ரூபாய் வந்திருக்கிறது. மகள் ஒன்பதாம் வகுப்பு. நான்கு ஆண்டில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். பழங்காசுகளில் எனக்கு ஆர்வம் உண்டு. தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர், கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்தவை என்று 40 ரோமானிய வெள்ளிக் காசுகளைக் காட்டினார். ஒன்று 12,000 ரூபாய், மொத்தமாக எடுத்தால் 4.5 லட்சம். "வெள்ளியும் ஏறும், பழமையும் ஏறும், இரட்டை லாபம்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: அந்த 40 காசுகளை வாங்காதீர்கள். முன்பணமும் கொடுக்காதீர்கள். காசுகள் போலியாக இருந்தால் பணம் போகும். அசலாக இருந்தால் பணத்தோடு நிம்மதியும் போகும்.

அசலாக இருக்கும் சாத்தியத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம், அதில்தான் ஆபத்து அதிகம். கரூரில் ரோமானியக் காசு கிடைப்பது உண்மை. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே வெள்ளலூரில் 1842-ல் 500-க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. ஆனால் மண்ணில் கிடைப்பது எடுத்தவருக்குச் சொந்தமாகிவிடாது. 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணில் புதைந்து கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. அடுத்து 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு எதுவும் தொல்பொருள்தான். அதை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். உங்களிடம் வந்தவரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், ரசீது கேளுங்கள். "ஆற்றில் கிடைத்தது" என்று அவர் விளம்பரமாகச் சொல்லும் வாக்கியம், சட்டத்தின் முன் ஒரு வாக்குமூலம்.

விலையும் கதையோடு ஒட்டவில்லை. தமிழ்நாட்டுப் புதையல்களில் அதிகம் கிடைக்கும் வெள்ளிக் காசுகள் இரண்டு பேரரசர்களுடையவை: அகஸ்டஸ், அவருக்குப் பின் வந்த டைபீரியஸ். டைபீரியஸ் காசின் ஒரு பக்கம் அவர் தலை, மறு பக்கம் கையில் கிளையும் செங்கோலும் ஏந்தி அமர்ந்திருக்கும் பெண். பைபிளில் இயேசுவிடம் காட்டப்பட்ட வரிக்காசு இதுதான் என்று மரபாகச் சொல்லப்படுவதால், சேகரிப்பவர்கள் மட்டுமல்லாமல் பக்தியுள்ளவர்களும் தேடுகிறார்கள். நல்ல நிலையில் உள்ள ஒன்று வெளிநாட்டு ஏலங்களில் சாதாரணமாக இருபது, முப்பதாயிரம் ரூபாய்க்குப் போகிறது. அப்படிப்பட்ட 40 காசுகளை ஒருவர் ஏறத்தாழ பாதி விலைக்கு, ரசீது இல்லாமல் தள்ளிவிட நினைக்கிறார் என்றால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும்: காசு போலி, அல்லது சட்டத்துக்கு மறைத்து எடுத்தது.

இனி "இரட்டை லாபம்" என்ற கணக்கு. ரோமானியரின் அடிப்படை வெள்ளிக் காசுக்குப் பெயர் தெனாரியஸ். அகஸ்டஸ் காலத்தில் அதன் எடை ஏறத்தாழ 3.9 கிராம், கிட்டத்தட்ட முழு வெள்ளி. கி.பி. 64-ல் நீரோ எடையை 3.4 கிராம் அளவுக்குக் குறைத்து, செம்பையும் கூட்டினார். கி.பி. 200 வாக்கில், செப்டிமியஸ் செவரஸ் ஆட்சியில், வெள்ளி பாதியளவுக்கு இறங்கிவிட்டது. 215-ல் காரகல்லா புதிதாக ஒரு பெரிய காசை வெளியிட்டார்; இன்று அதை அன்டோனினியானஸ் என்கிறார்கள். இரண்டு தெனாரியஸ் மதிப்பு என்று கருதப்படும் அந்தக் காசில் இரண்டுக்கான வெள்ளி இல்லை. 270-ஐ நெருங்கும்போது வெள்ளி பெயருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. 100 கிராம் காசை உருக்கினால் சில கிராம்தான் தேறும். நீரோவுக்கு முந்தைய காசுகள் இங்கே குவியல் குவியலாகவும், பிந்தைய வெள்ளிக் காசுகள் அரிதாகவும் கிடைப்பதற்கு, நம் பக்கத்து வணிகர்கள் வெள்ளியின் தரம் பார்த்து வாங்கியது முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

ஒரு கிராம் வெள்ளி 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 3.8 கிராம் எடையுள்ள டைபீரியஸ் காசில் உள்ள வெள்ளிக்கு 570 ரூபாய்தான் மதிப்பு. காசின் விலை 30,000. நாளையே வெள்ளி இரண்டு மடங்கானாலும் அந்தக் காசுக்குக் கூடுவது 570 ரூபாய், அதாவது இரண்டு சதவீதம்கூட இல்லை. பழங்காசின் விலை யார் தலை, எவ்வளவு அரிது, முகம் எவ்வளவு தெளிவு, எங்கிருந்து வந்தது என்பவற்றில் இருக்கிறது. கி.பி. 69-ல் மூன்று மாதம் மட்டும் ஆண்ட ஓத்தோவின் தெனாரியஸில், நீரோ எடை குறைத்த பிந்தைய காசில் உள்ள அளவை ஒட்டித்தான் வெள்ளி இருக்கும். ஆனாலும் சுமாரான காசே லட்சத்தைத் தொடும். ஆகவே வெள்ளி ஏறும் என்று நம்பி இதை வாங்குவது, தங்கம் ஏறும் என்று நம்பி, தங்கமுலாம் பூசிய மரச்சட்டத்துக்காகப் பழைய ஓவியத்தை வாங்குவது போல.

என் கவலையில் பெரியது இனிமேல்தான் வருகிறது: இந்தக் காசை எங்கே விற்பீர்கள்? ரோமானியக் காசுகளுக்கான சந்தை லண்டன், சூரிச், மியூனிக், நியூயார்க் ஏலங்களில் இருக்கிறது. நம் சட்டமோ, நூறாண்டைக் கடந்த காசைத் தனிநபர் நாட்டுக்கு வெளியே அனுப்புவதைத் தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. வெளிநாட்டு ஏலத்தில் முறையாக வாங்கி, சுங்கவரி கட்டி, இங்கே வரவழைத்த காசுக்கும் இதே கதிதான். உள்ளே வரும் கதவு திறந்திருக்கிறது, வெளியே போகும் கதவு மூடியிருக்கிறது. இந்தியாவுக்குள் ரோமானியக் காசு வாங்குவோர் குறைவு. இங்குள்ள ஏலங்களில் முகலாய, சோழ, பிரிட்டிஷ் இந்தியக் காசுகளுக்குத்தான் போட்டி. உலகச் சந்தை விலையைப் பார்த்து வாங்கிவிட்டு, உள்ளூர்ச் சந்தையில் விற்க வேண்டிய நிலையில் முதலீடு என்ற சொல்லை இதற்குப் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

விற்க முடிந்தாலும் கமிஷன் கணக்கு இருக்கிறது. ஏலத்தில் கடைசியாக ஏற்கப்பட்ட கேட்பு விலை, அதாவது சுத்தியல் விலை, 30,000 என்றால் வாங்குபவர் அதன்மேல் 20 சதவீதம் அளவுக்குக் கட்டணம் கட்டுகிறார்: 36,000. அதே காசை விற்கும்போது ஏல நிறுவனம் 15 சதவீதம் பிடித்தால், அதே 30,000-க்குப் போன காசுக்குக் கையில் வருவது 25,500. போட்ட 36,000 திரும்ப வரவே சுத்தியல் விலை 42,350-ஐத் தாண்ட வேண்டும், அதாவது 41 சதவீதம் ஏற வேண்டும். ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் ஏழு ஆண்டுக்கு மேல் ஆகும். கூரியர், காப்பீடு, சுங்கவரி, ஜிஎஸ்டி எதையும் இதில் நான் சேர்க்கவில்லை. உங்கள் மகள் நான்கே ஆண்டில் கல்லூரிக்குப் போகிறாள்.

அதனால் 6 லட்சத்தைப் பிரித்துவிடுங்கள். 5.5 லட்சம் கல்லூரிப் பணம். நான்கு ஆண்டு டெபாசிட்டாகவோ, ஆண்டுக்கு ஒன்று முதிரும்படி நான்கு துண்டாகவோ வங்கியிலேயே இருக்கட்டும். வெள்ளி வேண்டும் என்ற ஆசையால் வெள்ளி இடிஎஃப் (வெள்ளி விலையைப் பின்தொடரும், பங்குச்சந்தையில் வாங்கி விற்கும் நிதி) பக்கம்கூட இந்தத் தொகையைத் திருப்ப வேண்டாம். 2011 ஏப்ரலில் அவுன்ஸ் 48 டாலரைத் தொட்ட வெள்ளி, 2015 முடிவில் 14 டாலருக்கும் கீழே கிடந்தது. நாலரை ஆண்டில் நடந்த சரிவு அது. கிட்டத்தட்ட உங்களுக்கு இருக்கும் காலம்தான்.

மிச்சம் 50,000 உங்கள் ஆர்வத்துக்கு. திரும்பி வராவிட்டாலும் வீடு ஆடாத தொகை. இதில் 40 காசு வேண்டாம், நல்லதாக மூன்று போதும். தொடக்கத்துக்கு நான் சொல்வது: அன்டோனினஸ் பயஸ் அல்லது செப்டிமியஸ் செவரஸ் காலத்துத் தெனாரியஸ் ஒன்று, செவரஸின் மனைவி ஜூலியா டோம்னாவுடையது ஒன்று, மூன்றாம் கார்டியனின் அன்டோனினியானஸ் ஒன்று. இவை ஏராளமாக அச்சடிக்கப்பட்டவை. விலை குறைவு, ஒப்பிட்டுப் பார்க்கப் படங்கள் நிறைய. டைபீரியஸ் காசைக் கடைசிக்கு வையுங்கள். கேட்பவர் அதிகம் என்பதால் போலியும் அதில்தான் அதிகம்.

உரிமம் உள்ள வியாபாரி அல்லது ஏல நிறுவனத்திடம் மட்டும் வாங்குங்கள். பில்லில் பேரரசர் பெயர், அச்சடித்த ஊர், ஆர்.ஐ.சி. (ரோமானியப் பேரரசுக் காசுகளை வரிசைப்படுத்தும் நூல்) பட்டியல் எண், நூறில் ஒரு கிராம் வரை எடை, விட்டம், இருபக்கப் படம், முந்தைய உரிமையாளர் அல்லது முந்தைய ஏலம், போலி என்று தெரிந்தால் காலவரையின்றித் திரும்பப் பெறும் உறுதி ஆகிய எல்லாம் இருக்க வேண்டும். முந்தைய உரிமை வரலாறு என்பதை அலங்காரமாக நினைக்காதீர்கள். 2020 அக்டோபரில் லண்டனில், சீசரைக் கொன்ற புரூட்டஸ் வெளியிட்ட தங்கக் காசு ஒன்று கட்டணம் உட்பட 32 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோய் சாதனை படைத்தது. அதன் உரிமை வரலாறு பொய் என்று பின்னர் தெரிந்து, 2023-ல் காசு கிரேக்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. காசு அசல்தான். காகிதம்தான் போலி.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் உண்மை விலையைக் குறிப்பிட்டு, பழங்காசு என்றே அறிவிக்கச் சொல்லுங்கள். வரியை மிச்சம் பிடிக்க "பரிசுப் பொருள்" என்று எழுதச் சொன்னால் சுங்கத்தில் காசு சிக்கும், மீட்கக் கையில் சரியான ஆவணமும் இருக்காது.

கையில் வந்ததும் சோதிக்க வேண்டும். ஆசாரியிடம் கொடுத்து உரைகல்லில் உரசிவிடாதீர்கள், அந்தக் கீறலோடு பாதி மதிப்பு போய்விடும். முதலில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் விளிம்பைப் பாருங்கள். ரோமானியக் காசு இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் அடித்தது. அந்த அடியில் விளிம்பு சிறிது வெடித்திருப்பது இயல்பு. விளிம்பைச் சுற்றி நடுவில் ஒரு கோடு ஓடினால், அல்லது அந்தக் கோட்டை அரம் போட்டு மறைத்த தடம் இருந்தால், அது உருக்கி ஊற்றிய வார்ப்பு, அதாவது போலி. எழுத்தோரங்கள் மெழுகு உருகியதுபோல மழுங்கியிருப்பதும், பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருப்பதும் அதையே காட்டும்.

அடுத்து அடர்த்தி. 0.01 கிராம் காட்டும் தராசு போதும். காசை அப்படியே நிறுத்து எடையைக் குறியுங்கள். பிறகு மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் மூழ்கித் தொங்கும் நிலையில், பாத்திரத்தைத் தொடாமல் நிறுங்கள். காற்றில் 3.75, நீரில் 3.39 என்றால் வித்தியாசம் 0.36, 3.75-ஐ 0.36-ஆல் வகுத்தால் 10.4. தூய வெள்ளி 10.49, செம்பு 8.96. ஆகவே அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள் 10-க்கு மேல் காட்ட வேண்டும். 9.3 போல வந்தால் உள்ளே செம்பு, மேலே வெள்ளித்தோல். அந்தக் காலத்திலேயே இப்படிக் கள்ளக் காசு அடித்திருக்கிறார்கள். அதுவும் பழையதுதான், ஆனால் விலை வேறு. நூறில் ஒரு கிராம் பிசகினாலே விடை 0.3 அளவுக்கு மாறும். அதனால் மூன்று முறை செய்து சராசரி எடுங்கள், காசில் ஒட்டிய காற்றுக் குமிழியைத் தட்டி நீக்குங்கள். செவரஸ் காலக் காசில் பாதி செம்பு என்பதால் அங்கே இந்தச் சோதனை அதிகம் பேசாது.

நகைக்கடை எக்ஸ்-ரே கருவி பரப்பை மட்டும் படிக்கிறது. வெள்ளித்தோல் காசும் அதில் தேறிவிடும். ஆனால் ஒரு பயன் உண்டு: பழங்கால வெள்ளியில் பொதுவாகத் துளியளவு தங்கமும் ஈயமும் கலந்திருக்கும். கருவி 99.9 வெள்ளி என்றோ, சரியாக 92.5 வெள்ளி 7.5 செம்பு என்றோ காட்டினால், உருக்கிய வெள்ளி இந்தக் காலத்தது என்று சந்தேகிக்கலாம். இத்தனையும் தாண்டி, புதிதாக அச்சு வெட்டி, சரியான எடையில் அடித்த போலிகள் ஐரோப்பாவிலிருந்து வருகின்றன. அவற்றைப் பிடிக்க ஒரே வழி ஒப்பிடுவது. ஏல ஆவணப் படங்களில் தேடும்போது, அதே குழி, அதே கீறல், அதே விளிம்பு வெடிப்போடு இன்னொரு காசு இருந்தால் இரண்டில் ஒன்றாவது போலி. உங்களுக்குக் காட்டிய 40 காசுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் இது அங்கேயே தெரிந்திருக்கக்கூடும்.

வாங்கிய காசைத் துலக்காதீர்கள். விபூதி, புளி, பற்பசை எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்கு அழகு தரும் பளபளப்பு, பழங்காசின் விலையைக் குறைக்கும். பிவிசி கலந்த பிளாஸ்டிக் உறையில் வைத்தால் நாளடைவில் பச்சைப் பிசின் படியும், பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். கீழே போடாதீர்கள். இரண்டாயிரம் ஆண்டில் வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மைக்கு மாறியிருக்கலாம், தரையில் விழுந்த காசு இரண்டாக உடைவதுண்டு.

வங்கி லாக்கரில் தீ, திருட்டு, ஊழியர் மோசடியால் இழப்பு வந்தால், வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரைதான். வீட்டுக் காப்பீட்டில் காசுகளைத் தனியே குறிப்பிட்டுச் சேர்க்காவிட்டால் பெரும்பாலும் இழப்பீடு வராது. விற்றால் லாபத்துக்கு வரி உண்டு: 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இன்றைய விதிப்படி 12.5 சதவீதம், அதற்கு முன் விற்றால் உங்கள் வருமான வரி விகிதம். வாங்கிய விலையை நிரூபிக்க பில் வேண்டும். காசை லாக்கரில் வைத்தால் பில்லின் அசலையும் அதோடு வையுங்கள், ஒரு நகலில் எந்தக் காசு எந்த உறையில் என்று எழுதி வீட்டில் மகளுக்குத் தெரிந்த இடத்தில் வையுங்கள்.