ஆத்தா கேட்பது ஒரு பதில்

கேள்வி: எங்களுக்குத் தேவகோட்டைப் பக்கம். ஆவணியில் ஆத்தாவைப் பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். பென்சிலின் சேராது என்று சேர்க்கும்போதே சொன்னோம். அப்படியும் அந்த ஊசியைப் போட்டுவிட்டார்கள். மூன்று நாள் ஐசியூ. அதற்கும் சேர்த்தே பில் போட்டார்கள். கேட்டால், “சில உடம்புக்கு அப்படித்தான்” என்கிறார்கள். தம்பி வழக்குப் போடணும் என்கிறான். ஆத்தாவோ, “ஏன் போட்டாகன்னு அந்த டாக்டர் என் முன்னால வந்து சொல்லட்டும், போதும்” என்கிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகி

பதில்: தம்பியின் கோபம் நியாயம்தான். ஆனால் ஊசி ஏறியது ஆத்தாவின் கையில். அவர் கேட்பதிலிருந்தே தொடங்குவோம்.

இதைச் சீரமைப்பு நீதி என்கிறார்கள். யாருக்கு என்ன பாதிப்பு, அதைச் சரிசெய்ய யார் என்ன செய்ய வேண்டும் என்று சம்பந்தப்பட்டவர்களே நேரில் உட்கார்ந்து பேசுவது. ஆபரேஷனில் வைத்த செயற்கை வலையால் அவதிப்பட்டவர்களை 2019-ல் நியூசிலாந்து சுகாதார அமைச்சகம் இப்படித்தான் உட்காரவைத்துக் கேட்டது. நம் பக்கத் திண்ணைப் பஞ்சாயத்து மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். திண்ணையில் ஒரு பெரியவர், “சரி, விடப்பா” என்றால் அடிபட்டவர் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். இங்கே அடிபட்டவர்தான் முதலில் பேசுவார்.

இப்படிப் பேச மருத்துவமனைக்குப் போவதற்கு முன் சிகிச்சை ஆவணங்களை எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. கேஸ் ஷீட்டில் ஒவ்வாமை பற்றி எழுதும் இடத்தைப் பாருங்கள். பென்சிலின் என்று எழுதியிருந்தால், வார்டில் யாரோ பார்க்காமல் ஊசி போட்டிருக்கிறார்கள். காலியாக இருந்தால், சேர்க்கும் இடத்திலேயே கோட்டை விட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டிய ஆள் வேறு வேறு. பென்சிலின் என்ற வார்த்தை மட்டும் வேறு மையில் இருந்தால், பிறகு எழுதிச் சேர்த்ததா என்று அதையும் கேளுங்கள்.

டாக்டரும் ஊசி போட்ட நர்ஸும் வர வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதுங்கள். என் அப்பாவுக்காக ஒருமுறை நான் இப்படிப் போனபோது, மக்கள் தொடர்பு அதிகாரி முக்கால் மணி நேரம் பேசினார். டாக்டர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காபி நன்றாக இருந்தது. நடுவில் இருக்க, இரு தரப்பும் மதிக்கிற ஓய்வுபெற்ற டாக்டர் யாராவது கிடைத்தால் நல்லது. வருத்தம் தெரிவித்தால் வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்று டாக்டர்களுக்குப் பயம் உண்டு. போனில் பதிவு செய்ய மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அதற்காக வழக்கை மறந்துவிட வேண்டாம். கட்டணம் வாங்கும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. சம்பவம் நடந்த இரண்டு வருடத்துக்குள் சிவகங்கை நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே போனபின் சமரசம் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். மருத்துவக் கவனக்குறைவால் மரணமோ கொடுங்காயமோ நேர்ந்த வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பக் கூடாது என்று 2020-ம் ஆண்டு விதி இருக்கிறது. மூன்று நாள் ஐசியூ என்றால் அதில் சேர்த்துவிடக்கூடும். ஆகவே பேச்சை முன்பே வைத்துக்கொள்ளுங்கள். “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று தாள் நீட்டினால், வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஐசியூ பில்லைக் கடைசியில் எடுங்கள். முதலிலேயே எடுத்தால் அன்றைய பேச்சு முழுக்கப் பேரமாகிவிடும். ஆத்தா பேசி முடிக்கிறவரை தம்பி வாய் திறக்கக் கூடாது. அதை மட்டும் வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள்.