சூப்பர்வைசர் எழுதும் நாலு வரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சூப்பர்வைசராக உயர்த்தும்போது பாதுகாப்பு வகுப்பு எடுப்பார்கள், இயந்திரத்தைப் பற்றிச் சொல்லித் தருவார்கள். எழுத மட்டும் யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. ஆனால் மறுநாளே லாக் புக், மெமோ, மெயில் எல்லாம் தலையில் வந்து விழுகின்றன. இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே இதைப் பற்றித்தான்.

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஆலையில் இரவு ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். லாக் புக்கில் "நார்மல்" என்று மட்டும் எழுதுகிறேன் என்று மேனேஜர் திட்டுகிறார். காலையில் வருபவரிடம் எல்லாவற்றையும் நேரில் சொல்லிவிடுகிறேனே, அது போதாதா?

நேரில் சொல்வது நல்ல பழக்கம், அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் அது போதாது. காலை ஆள் தாமதமாக வரலாம். நீங்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓடலாம். சொன்னது அவர் காதில் விழாமலும் போகலாம்.

1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடையில் நடந்ததைச் சொல்கிறேன். பகல் ஷிஃப்டில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தைத் தற்காலிகமாக மூடி வைத்திருந்தார்கள். மாலைக்குள் வேலை முடியவில்லை. இந்தத் தகவல் இரவு ஷிஃப்டுக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. அதே பம்பின் பராமரிப்புக்கான இன்னொரு பெர்மிட் (வேலைக்கான எழுத்து அனுமதி) இரவில் இருந்தவர்கள் கண்ணில் பட்டது, வால்வுக்கான பெர்மிட் படவில்லை. இரவு பத்து மணி வாக்கில் மற்றொரு பம்ப் நின்றுபோகவே, இதை ஓட்டினார்கள். வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். ஸ்காட்லாந்து நீதிபதி கல்லன் பிரபு நடத்திய விசாரணையின் அறிக்கை 1990-ல் வந்தபோது, பெர்மிட் முறையும் ஷிஃப்ட் மாறும்போது தகவல் கைமாறும் விதமும் அதில் கடுமையாகக் குறை சொல்லப்பட்டன.

அந்த ஆட்கள் வேலை தெரியாதவர்கள் இல்லை. பாதியில் நிற்கும் வேலை ஒன்று, அடுத்து வருபவரின் கண்ணில் படும் இடத்தில் இல்லை. அவ்வளவுதான் நடந்தது.

அதனால் லாக் புக்கில் முடிந்த வேலையைவிட முடியாமல் நிற்கும் வேலையை முதலில் எழுதுங்கள். இப்படி: "2-ம் நம்பர் கம்ப்ரஸர் இரவு 1.40-க்கு ட்ரிப் ஆனது. ஆயில் குறைந்திருந்தது. 2 லிட்டர் ஊற்றி 2.05-க்கு ஓடவிட்டோம். கசிவு எங்கே என்று இன்னும் தெரியவில்லை. மெக்கானிக் வந்து பார்க்கும்வரை அரை மணிக்கு ஒரு முறை ஆயில் அளவைப் பார்க்கவும்." எழுத இரண்டு நிமிடம் ஆகும். காலை ஆளை அதைப் படித்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

திருப்பூரில் மெர்ச்சண்டைசிங் மேனேஜராக இருக்கிறேன். பையருக்கு (ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு) நீளமாக, மரியாதையாகத்தான் மெயில் போடுகிறேன். பதில் வருவதில்லை. என் ஆங்கிலம்தான் காரணமா?

இல்லை. நீங்கள் அனுப்பிய மாதிரி மெயிலைப் படித்தேன். ஆங்கிலத்தில் பெரிய குறை எதுவும் இல்லை. லேப் டிப்புக்கு, அதாவது சாயம் ஏற்றிய மாதிரித் துணிக்கு, ஒப்புதல் வேண்டும் என்ற விஷயம்தான் பதினோராவது வரியில் இருக்கிறது. நலம் விசாரிப்பு, பழைய மெயில்களின் வரலாறு, நூல் வந்து சேர்ந்த கதை எல்லாவற்றையும் தாண்டித்தான் அங்கே போக வேண்டியிருக்கிறது.

சப்ஜெக்ட் வரியிலேயே கேட்டுவிடுங்கள்: ஆர்டர் எண், என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள். முதல் வரியில் அதையே ஒரு முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். தாமதமானால் ஷிப்மென்ட் எத்தனை நாள் தள்ளும் என்பது இரண்டாவது வரி. மற்றதெல்லாம் அப்புறம். "டூ தி நீட்ஃபுல்" (வேண்டியதைச் செய்யவும்) என்று முடிக்காதீர்கள். வெளிநாட்டுக்காரர் பலருக்கு அந்தப் பிரயோகமே பழக்கமில்லை, நமக்கும் அதில் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது.

தேதியில் ஒரு எச்சரிக்கை. 05/06 என்று எழுதினால் நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. மாதத்தை எழுத்தில் எழுதிவிடுங்கள். லட்சம், கோடி வேண்டாம், முழு எண்ணையே போடுங்கள்.

சாட்ஜிபிடியில் போட்டு எழுதலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மொழியைத் திருத்த எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எந்த ஆர்டர், எத்தனை பீஸ், என்ன தேதி என்பதை அனுப்பும் முன் நீங்களே ஒரு முறை ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும்.

அடிக்கடி தாமதமாக வரும் ஒருவருக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுக்க வேண்டும். எப்படி எழுதினால் உறைக்கும்?

உறைக்கும்படி எழுத நினைப்பதே தவறான தொடக்கம். மெமோவுக்கு முன்னால் அவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசினீர்களா? பேசவில்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள்.

நான் பொறுப்புக்கு வந்த புதிதில் ஒருவருக்கு எழுதிய மெமோவில் "வழக்கம்போல் அலட்சியமாக" என்று எழுதினேன். அந்த வாரம் முழுக்க அவர் தன் அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போய்விட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்தக் காகிதம் அவருடைய பைலில் கிடந்தது. இன்றும் எனக்கு அது வலிக்கிறது.

ஆளைப் பற்றி எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். எந்தத் தேதி, ஷிஃப்ட் எத்தனை மணிக்கு, அவர் வந்தது எத்தனை மணிக்கு, அதனால் எந்த வேலை நின்றது. "பொறுப்பற்றவர்", "எப்போதும்" போன்ற சொற்கள் வந்தால் அடித்துவிடுங்கள். விளக்கம் கேட்கும் கடிதத்திலேயே தண்டனையையும் சொல்லிவிடக் கூடாது. முடிவை எடுத்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று ஆகிவிடும், பிறகு விசாரணையில் நிற்காது. எத்தனை நாளில் யாரிடம் பதில் தர வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். அவருக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும் என்றால் தமிழில் கொடுங்கள்.

நிர்வாகத்துக்கு அறிக்கை தரும்போது கெட்ட செய்தியை எங்கே வைப்பது? முதலிலேயே சொன்னால் கோபப்படுகிறார்கள்.

முதலில்தான் வைக்க வேண்டும். 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் கிளம்பியபோது எரிபொருள் தொட்டியைப் போர்த்தியிருந்த நுரையில் ஒரு துண்டு பிய்ந்து அதன் இடது இறக்கையில் மோதியது. ஆபத்து இருக்கிறதா என்று ஆராய்ந்த பொறியாளர்கள் நாசாவுக்குக் கொடுத்த ஒரு ஸ்லைடின் தலைப்பைப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை என்றே தோன்றும். சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், இதில் மோதியது சுமார் 1920 கன அங்குலம் என்ற விஷயம் கடைசி வரியில், சின்ன எழுத்தில் இருந்தது. "குறிப்பிடத்தக்க" என்ற பொருள் தரும் சொல் மட்டும் அந்த ஒரு ஸ்லைடில் 5 முறை வந்தது. பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் விண்கலம் சிதறி, ஏழு பேரும் இறந்தார்கள். விசாரணைக் குழு தன் அறிக்கையில் அந்த ஸ்லைடைத் தனியாக எடுத்துக்காட்டி விமர்சித்தது.

"உற்பத்தியில் சற்றுச் சரிவு" என்று எழுதாதீர்கள். "இந்த வாரம் 4,000 வர வேண்டியது 3,100 தான் வந்தது" என்று எழுதுங்கள். அடுத்த வரியில் காரணம், அதற்கடுத்து நீங்கள் கேட்கும் உதவி. கோபம் வரலாம். பத்து நாள் கழித்துத் தெரியவந்தால் வரும் கோபம் இதைவிடப் பெரிது.

வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் போதாதா?

அவசரத்துக்குப் போடுங்கள். முடிவு, தேதி, பொறுப்பு என்றால் மெயிலிலும் ஒரு வரி இருக்கட்டும். ப்ளூ டிக் வந்தால் சம்மதம் என்று அர்த்தமில்லை.

எங்கள் ஆலையில் பாதிப் பேர் ஒடிசா, பீகார் ஆட்கள். பாதுகாப்பு அறிவிப்பை ஆங்கிலத்தில் ஒட்டுகிறோம். யாரும் படிப்பதில்லை.

படிக்க முடியாததை எப்படிப் படிப்பார்கள்? தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் வையுங்கள், கூடவே ஒரு படமும். ஒரு அறிவிப்பில் ஒரே ஒரு செய்தி போதும். "பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிக்கவும்" என்பதை எடுத்துவிட்டு, "கையை உள்ளே விடும் முன் மெயின் சுவிட்சை அணைக்கவும்" என்று போடுங்கள். ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு மொழிக்காரரிலும் ஒருவரைக் கூப்பிட்டுப் படித்துக்காட்டச் சொல்லுங்கள், என்ன புரிந்தது என்று கேளுங்கள். அவர் எந்தச் சொல்லில் தடுமாறுகிறாரோ அதை மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.