கனெக்டிங் ராட் நீளமானால் வண்டி பறக்குமா?

சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் 28 வருடமாக இன்ஜின் பிரித்து மாட்டுகிறேன். பிஸ்டனையும் கிராங்க் என்ற சுழலும் தண்டையும் இணைக்கும் கம்பிதான் கனெக்டிங் ராட். அந்த ராட் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இன்று பதில்.

உட்லண்ட்ஸ் தம்பி: அண்ணே, நீளமான ராட் போட்டால் பவர் கூடுமா?

கூடும் என்பவரிடம் டைனோ சீட்டை, அதாவது பவரை அளந்து பார்த்த சீட்டைக் கேளுங்கள். வேறெதையும் தொடாமல் ராட்டை மட்டும் மாற்றினால் வித்தியாசம் சொற்பம்தான். நீளத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள், ஸ்ட்ரோக்கால், அதாவது பிஸ்டன் உச்சியிலிருந்து அடி வரை ஓடும் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். ஹோண்டா பி16ஏ இன்ஜினில் ராட் 134.4 மி.மீ., ஸ்ட்ரோக் 77.4, விகிதம் 1.74. பி18சி-யில் ராட் 137.9, ஸ்ட்ரோக் 87.2, விகிதம் 1.58. ராட் நீளம்தான், விகிதம் குறைவு! அதனால் முன்னது அதிகபட்சம் 16.7 டிகிரி சாயும், பின்னது 18.4. சாய்வு கூடினால் பிஸ்டன் சிலிண்டர் சுவரை அழுத்தித் தேய்க்கும். நிறைய ஓடிய பிஸ்டனைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஸ்கர்ட்டில், அதாவது அதன் கீழ்ப்பகுதிச் சுவரில் ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்து, நெடுக்கே கோடு விழுந்திருக்கும். எதிர்ப் பக்கத்தில் அவ்வளவு இருக்காது. நான் விகிதம் பார்ப்பது பவருக்காக அல்ல, இந்தத் தேய்மானத்துக்காக.

தெம்பனிஸ் வாசகி: கிராங்க் 90 டிகிரி திரும்பினால் பிஸ்டன் பாதி தூரம்தானே இறங்கும்?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பி16ஏ-யில் பாதி என்றால் 38.7 மி.மீ.; ஆனால் 44.4 இறங்கிவிடும். ராட் சாய்வதால் வரும் கூடுதல் அது. ராட் குட்டையானால் உச்சியிலிருந்து இன்னும் வேகமாக இறங்கும், குறைந்த ஆர்பிஎம்மிலும் காற்றை வெடுக்கென்று இழுக்கும். நீளமானால் உச்சியில் சற்று அதிகம் தங்கும்.

யீஷூன் தம்பி: 1 மி.மீ. கூடுதல் நீளமான ராட் மலிவாகக் கிடைக்கிறது. மாட்டலாமா?

பிஸ்டனும் 1 மி.மீ. மேலே வருமே, சரிதானா? ராட்டைக் கோக்கும் பிஸ்டன் பின்னுக்கான (pin) துளை அதே அளவு மேலே உள்ள பிஸ்டனும் வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் அளக்காமல் மாட்டிவிட்டேன். நல்ல வேளை, ஸ்டார்ட் செய்யுமுன் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றினேன். 'டக்' என்று, சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டில் பிஸ்டன் முட்டி நின்றது. அப்புறம் மொத்தத்தையும் பிரித்தேன்.

ஜூரோங் தம்பி: 200 சிசி வரை பைக் ஓட்டும் 2பி லைசென்ஸ்காரன் நான். ராட் மாற்றினால் சிசி மாறுமா?

மாறாது. போர் (சிலிண்டரின் உள் விட்டம்), ஸ்ட்ரோக் இரண்டில் ஒன்று மாறினால்தான் மாறும். ஸ்ட்ரோக்கைக் கூட்டும் ஸ்ட்ரோக்கர் கிட் போட்டு 200 சிசி தாண்டினால் 2பி செல்லாது. எதுவானாலும் முதலில் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேளுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள்.