பாட்டையா பெயரில் வரும் சொத்து வரி: பெயரை மாற்றிக்கொள்ளலாமா?

கேள்வி: காரைக்குடியில் எங்களுக்கு ஒரு பொது வீடு இருக்கிறது. சொத்து வரி இன்னும் என் பாட்டையா, அதாவது ஐயாவின் (அப்பாவைப் பெற்றவரின்) அப்பா பெயரிலேயே வருகிறது. அவர் ரங்கூனில் காலமானவர். இன்றைக்குப் பங்காளிகள் ஏழு புள்ளி, அதாவது ஏழு குடும்பம், ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். சில வருடங்களாகச் சென்னையிலிருந்து நான்தான் வரி கட்டுகிறேன். வரியும் இரண்டு மடங்காகிவிட்டது. என் பெயருக்கு மாற்றலாமா? மாற்றினால் மனக்கசப்பு வருமா?

பதில்: வரிப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே வீடு சொந்தம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வரியை யாரிடம் கேட்பது என்பதற்காக மாநகராட்சி வைத்திருக்கும் பெயர் அது, அவ்வளவுதான். வரி ரசீது மாநகராட்சியின் காகிதம். பட்டாவும் நகர நில அளவைப் பதிவேடும் வட்டாட்சியர் அலுவலகத்தைச் சேர்ந்தவை. பத்திரமும் வில்லங்கச் சான்றும் சார்பதிவாளர் அலுவலகத்தில். ஒரு இடத்தில் பெயர் மாறினால் மற்ற இரண்டிலும் தானாக மாறிவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. உரிமை என்று பேச்சு வந்தால் பத்திரமும் வாரிசுரிமையும்தான் நிற்கும். அதனால் பாட்டையா பெயரில் வரி வருவதால் உங்கள் பங்கு குறையப்போவதில்லை. நீங்கள் மட்டும் கட்டிவந்ததால் மற்றவர்கள் பங்கு உங்களுக்கு வந்துவிடப்போவதும் இல்லை. அவர்கள் தர வேண்டிய தொகையைக் கேட்க மட்டும் உங்களுக்கு உரிமை உண்டு. ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், உங்கள் தனிப் பெயருக்கு மாற்ற வேண்டாம். மனக்கசப்பு வரும் என்பது மட்டும் காரணமில்லை. மற்ற ஆறு புள்ளிகளின் சம்மதம் இல்லாமல் கொடுத்த மனுவை, அவர்களில் ஒருவர் ஒரு ஆட்சேபணைக் கடிதம் எழுதினாலே நிறுத்திவைத்துவிடுவார்கள். அப்புறம் அந்த ஆட்சேபணை கோப்பிலேயே கிடக்கும். நாளைக்கு நீங்கள் எல்லோரும் ஒத்துப்போய் வந்தாலும் பழைய கடிதத்தைக் காட்டிக் கேள்வி கேட்பார்கள். ஏழு புள்ளியின் பெயரையும் சேர்த்துக் கூட்டாக மாற்றக் கேளுங்கள். அதுதான் நியாயமும்கூட.

அதற்கு என்ன வேண்டும்? கடைசியாகக் கட்டிய ரசீது, வீட்டுப் பத்திரத்தின் நகல், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, முத்திரைத்தாளில் எல்லோருடைய சம்மதம், அடையாள அட்டைகள். சொல்வதற்குச் சுலபம். செட்டிநாட்டு வீடுகளில் சிக்கல் வருவது இறப்புச் சான்றிலும் வாரிசுச் சான்றிலும்தான். மூன்று தலைமுறை கடந்திருந்தால் பாட்டையா, ஐயா, அப்பா என ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். இங்கே நடந்து பதிவாகாமல் போன இறப்பு என்றால், வருவாய்க் கோட்டாட்சியரின் உத்தரவு பெற்று இப்போதும் பதியலாம். ரங்கூனில் நடந்த இறப்பை இங்கே அப்படிப் பதிய முடியாது. அந்த நாட்டுச் சான்று வேண்டும். அது கிடைக்காது என்றால், அவ்வளவு பழைய தலைமுறைக்கு வட்டாட்சியரும் வாரிசுச் சான்று தரத் தயங்குவார். அப்போது உரிமையியல் நீதிமன்றத்தில் வாரிசுகள் யார் என்று தீர்ப்பு வாங்குவதே வழி. காலம் பிடிக்கும். ஆனால் பின்னால் பாகப்பிரிவினைக்கும் அதே தீர்ப்பு உதவும் என்பதால் வீண்செலவு இல்லை.

கொடிவழி (வம்சாவளி) எழுதும்போது நகரக் கோயில் புள்ளிக் கணக்கை, அதாவது நகரத்தார் கோயிலில் வைத்திருக்கும் குடும்பப் பதிவைப் பார்த்து எழுதுவது நம் வழக்கம். ஆண் வழிக்கு அது நல்ல ஆதாரம். ஆனால் கட்டிக்கொடுத்த பெண்கள் அந்தக் கணக்கில் கணவர் வீட்டுப் புள்ளியில் போய்விடுவார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு உயில் எழுதாமல் காலமான ஒவ்வொருவரின் பங்கிலும் மகள்களுக்கும் உரிமை உண்டு. பாட்டையா அதற்கு முன்பே காலமாகியிருக்கலாம். உங்கள் ஐயா அதற்குப் பிறகு என்றால் உங்கள் அத்தைமாரும் வாரிசுகளே. 2005 திருத்தத்துக்குப் பின் மகளின் உரிமை இன்னும் வலுவானது. அத்தைகளையும் அவர்கள் பிள்ளைகளையும் விட்டுவிட்டு ஏழு பேர் மட்டும் கையெழுத்துப் போட்ட மனு, சட்டப்படி அரைகுறை மனு. அவர்களிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

வரி இரண்டு மடங்கானதற்குக் காரணம் இருக்கிறது. 2022 ஏப்ரலில் தமிழக நகர்ப்புற உள்ளாட்சிகள் முழுவதிலும் சொத்து வரி சீராய்வு நடந்தது. சென்னைக்கு வெளியே 600 சதுர அடி வரையிலான குடியிருப்புக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீத உயர்வு. நம் வீடுகளில் முகப்பும் (முன்பகுதி) வளவும் (முற்றத்தைச் சுற்றிய உட்பகுதி) இரண்டாம் கட்டும் சேர்ந்தால் 1,800 எங்கே நிற்கும்? அதனால்தான் செட்டிநாட்டு நகரங்களிலும் பேரூராட்சிகளிலும் ஏறக்குறைய எல்லாப் பெரிய வீடுகளுக்கும் உச்ச விகிதம் விழுந்தது. பூட்டிக்கிடக்கும் வீட்டுக்கு இது பாரம் என்பதை நான் மறுக்கவில்லை. நீங்கள் செய்யக்கூடியது, உங்கள் வீட்டுக்கு எத்தனை சதுர அடி பதிவாகியிருக்கிறது என்று பார்ப்பது. வானம் பார்த்த முற்றத்தையும் இடிந்து விழுந்துவிட்ட பின்கட்டையும் கட்டடப் பரப்பாகச் சேர்த்திருந்தால், மறு அளவீடு கேட்டு மனு கொடுங்கள். பெயர் மாற்றத்துக்கு ஓடுவதைவிட முதலில் இதைச் செய்யச் சொல்வேன். வீட்டின் ஒரு பகுதியைத் தங்கும் விடுதிக்கு விட்டிருந்தால் அந்தப் பகுதிக்கு வணிக விகிதம் வரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

பெயர் மாறும்வரை வரியை நிறுத்தாதீர்கள். வரி விதிப்பு எண் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் இணையத்தில் கட்டலாம். அரையாண்டுகள் ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும். தொடங்கிய முதல் 30 நாளில் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையாகக் கழியும். தவறினால் மாதம் 1 சதவீதம் வட்டி. 2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் அதோடு சேர்ந்தன. அங்கே வீடு உள்ளவர்கள் தங்கள் வரி விதிப்பு எண் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. கானாடுகாத்தான், பள்ளத்தூர் இன்னும் பேரூராட்சிகளே. ஆத்தங்குடி போன்ற ஊர்களில் வீட்டு வரி ஊராட்சிக்குப் போகும்.

வளவில் புள்ளிக்கு ஓர் அறை என்று இருப்பதால் வரியையும் ஏழாகப் பிரித்துத் தரும்படி சிலர் கேட்கிறார்கள். பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரம் இல்லாமல் அது நடக்காது. பட்டாலை என்னும் கூடமும் முகப்பும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் வீட்டில், ஒரே வரி விதிப்பை வைத்துக்கொண்டு தொகையை உங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வதே சிக்கலில்லாதது.

குடிநீர் இணைப்புக்குத் தனிக் கணக்கு, தனி எண். சொத்து வரியில் பெயர் மாறினாலும் அது பழைய பெயரிலேயே நிற்கும். கூட்டு மனு கொடுக்கும் அன்றைக்கே அதற்கும் ஒரு மனு எழுதி, இரண்டுக்கும் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.