சிஸ்டம் மாறுதாம், கவர்மென்ட் வேலையை விடலாமோ?

கேள்வி: யாழ்ப்பாணத்தில ஒரு பிரதேச செயலகத்தில அபிவிருத்தி உத்தியோகத்தரா இருக்கிறன், 2013 நியமனம், வயசு 41. இனி எல்லாம் மாறப்போகுது, அலவன்ஸை வெட்டுறாங்கள், வேலையைப் பாத்துத்தான் சம்பளம், பென்சனும் இல்லையாம் எண்டு கந்தோரில ஒரே கதை. வீட்டுக்காரர் சொல்லுறார் இப்பவே ரிசைன் பண்ணிப்போட்டு சுன்னாகத்தில கடை போடுவமெண்டு. லண்டனில இருக்கிற அண்ணா பாதிக் காசு தாறாராம், மிச்சம் லோன். என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, ரிசைன் லெட்டர் எழுதியிருந்தா லாச்சிக்குள்ளயே கிடக்கட்டும்.

முதல்ல உந்த அலவன்ஸ் கதை. 2025 பட்ஜெட்டில ஆகக்குறைஞ்ச பேசிக் 24,250இல இருந்து 40,000 ஆச்சுது, கேட்க 15,750 கூடின மாதிரித்தான் இருக்கும், ஆனா அதில 7,500 ஏற்கனவே அலவன்ஸா உங்கட கைக்கு வந்துகொண்டிருந்த காசு, அதை எடுத்து பேசிக்குக்குள்ள போட்டவை, அப்ப உண்மையா கூடினது 8,250தான், அதுவும் 2025 ஏப்ரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி எண்டு மூண்டு தரமா. பேஷீட்டில அலவன்ஸ் வரி காணாமல் போனதைப் பாத்துத்தான் சனம் வெட்டிப்போட்டாங்கள் எண்டு பதறுது. பென்சன் கணக்குப் பாக்கிறது பேசிக்கை வைச்சு எண்டபடியா இது உங்களுக்கு லாபம்தான். வருஷ இன்கிரிமென்டும் 80 வீதம் கூடினது, அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்ல!

பென்சன் பயத்துக்கும் ஒரு காரணம் இருக்கு. 2016க்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்கு பங்களிப்பு பென்சன், அதாவது தாங்களும் சம்பளத்தில இருந்து காசு கட்டுற பென்சன், எண்டு கதை வந்தது, அவை யோசிக்கிறதில நியாயம் இருக்கு. நீங்கள் 2013. நியமனக் கடிதத்தை எடுத்து பென்சன் பந்தியை ஒருக்கா வடிவா வாசியுங்கோ. பென்சனுக்குக் கேக்கிற 10 வருஷ சேவையும் தாண்டியாச்சு. இப்ப நீங்களா ரிசைன் பண்ணினா அந்த உரிமை போகும், பிரைவேட்காரர் மாதிரி எடுத்துக்கொண்டு போக ஈபிஎப் எண்ட சேமலாப நிதியும் இல்லை. கந்தோரால இடர் கடன் (அரசாங்க உத்தியோகத்தருக்குக் குடுக்கிற கடன்) எடுத்திருந்தா அதையும் கட்டி முடிக்கோணும், இல்லாட்டி பிணை கையெழுத்து வைச்ச பக்கத்து மேசைக்காரரைத்தான் பிடிப்பினம்.

வேலையைப் பாத்துச் சம்பளம் எண்டது வந்தா வரட்டும். இப்பவே இன்கிரிமென்டை நிப்பாட்டக்கூடிய ரெண்டு சாமான் இருக்கு, ஈபி எண்ட வினைத்திறன் தடைதாண்டல் சோதினையும் சிங்கள மொழிச் சோதினையும். அது ரெண்டும் பாஸோ? இல்லையெண்டா உங்கட முதல் வேலை அதுதான். எங்கட பக்கத்தில கனபேர் சிங்களத்தைப் பிறகு பாப்பமெண்டு விட்டுட்டு அரியர்ஸுக்கு அலையினம்.

கடை வேணுமெண்டா அவர்ட பேரில, அண்ணான்ர காசுக்குள்ள மட்டும், சின்னனாத் தொடங்குங்கோ. உங்கட பேரில யாபாரமெண்டா முதல்ல அனுமதி எடுக்கோணும். 2027இல கூடப்போற சம்பளத்தை நம்பி இப்ப லோன் போடாதேங்கோ. அண்ணா தாறது கடனோ பங்கோ எண்டதையும் கடைக்கு அட்வான்ஸ் குடுக்க முதலே கேட்டு எழுதி வையுங்கோ, வெக்கப்படாதேங்கோ.