கணினி கேள்வி பதில்: மதியம் ஆனால் அணைந்துவிடும் கம்ப்யூட்டர்

கேள்வி: ஐயா, டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் ஒரு டெஸ்க்டாப் வாங்கினேன். இன்டெல் ஐ5-4570, 8 ஜிபி ராம். காலையில் ஒழுங்காக ஓடுகிறது. மதியத்துக்கு மேல் ஃபேன் இரைகிறது. வீடியோ கன்வெர்ட் செய்தால் சட்டென்று அணைந்துவிடுகிறது. பக்கத்தில் பலகாரம் பொரிக்கும் டீக்கடை. விற்றவர் பிராசசரை மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
- வாசகர், ரங்கூன்

பதில்: பிராசசருக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள். 2013-இல் வந்த இந்தச் சிப், 100 டிகிரியை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறி ஏறினால்தான் மின்சாரம் துண்டிக்கப்படும். சூட்டால் சிப் செத்துப்போவது அபூர்வம். சூட்டை வெளியே கொண்டுபோகும் வழிதான் எங்கோ அடைபட்டிருக்கும். அது எங்கே என்று அளந்து பார்த்த பிறகே ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்.

சூட்டை அளந்து காட்டும் ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும். அதில் அளவுகளைப் பதிவு செய்யும் லாக்கிங்கைப் போட்டுவிட்டு, பிராசசருக்கு முழு வேலை கொடுக்க, ஃபைல்களைச் சுருக்கும் செவன்-ஜிப் மென்பொருளில் உள்ள பெஞ்ச்மார்க் சோதனையை ஓட விடுங்கள். எத்தனை டிகிரி என்பதைவிட, எப்படி ஏறுகிறது என்று கவனியுங்கள். 45-இல் இருந்தது இரண்டு மூன்று வினாடியில் 95-க்குத் தாவினால், சிப்பும் அதன் சூட்டை வாங்கும் உலோக ஹீட்சிங்கும் சரியாக ஒட்டியிருக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே வைக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது ஹீட்சிங்கைப் பிடித்திருக்கும் ஒரு பின் கழன்றிருக்கும். பத்து நிமிடத்தில் மெல்ல மெல்ல ஏறினால் காற்றோட்டம் இல்லை. 70-இல் நிற்கும்போதே அணைந்தால் பிராசசர் சூடு காரணமே இல்லை. பவர் சப்ளையைப் பாருங்கள், அல்லது கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் நொடியில் அணைகிறதா என்று பாருங்கள். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று இருப்பதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். கம்ப்யூட்டர் முறையாக மூடப்படாமல் அணைந்தது என்று மட்டுமே அது சொல்லும்.

டீக்கடைப் பக்கம் என்பதால் எனக்கு முதல் சந்தேகம் தூசிமேல்தான். எண்ணெய்ப் புகை படிந்த தூசி காய்ந்த தூசிபோல் ஊதினால் பறக்காது. ஃபேனைக் கழற்றிப் பார்த்தால் ஹீட்சிங்கின் தகடுகளுக்கு மேல் சாம்பல் நிறத்தில் கம்பளித் துணி விரித்ததுபோல் படிந்திருக்கும். மேலிருந்து ஃபேனைத் துடைத்தால் சுத்தமாகத்தான் தெரியும். அடைப்பு அதற்குக் கீழே இருக்கிறது. வயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு தரம் அழுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஹீட்சிங்கைத் தனியே எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத் பிரஷும் போட்டுக் கழுவலாம். ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். ஃபேனில் தண்ணீர் படக் கூடாது. காற்றடித்துச் சுத்தம் செய்தால் ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஹீட்சிங்கை எடுத்துவிட்டால் பழைய பேஸ்ட்டோடு திரும்ப மாட்டக் கூடாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் இரண்டு பக்கமும் பளிச்சென்று துடைத்து, சிப்பின் நடுவில் துவரம்பருப்பு அளவு புதுப் பேஸ்ட் வையுங்கள். விரலால் தடவ வேண்டாம், அழுத்தத்தில் தானே பரவும். நிறைய அப்பினால் நல்லது என்று நினைப்பது தவறு: உலோகம் கடத்தும் அளவுக்குப் பேஸ்ட் சூட்டைக் கடத்தாது, இடையில் உள்ள இடுக்கை நிரப்பத்தான் அது.

ஹீட்சிங்கும் ஃபேனும் சேர்ந்த கூலர் இன்டெல் கம்பெனியுடையது என்றால் நான்கு பிளாஸ்டிக் பின் இருக்கும். கழற்றும்போது அம்புக்குறி காட்டும் பக்கம் கால் சுற்றுத் திருப்பி மேலே இழுங்கள். மாட்டும் முன் நான்கையும் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, எதிரெதிர் மூலையாக 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். பிறகு போர்டின் பின்பக்கம் நான்கு பின்னும் வெளியே வந்திருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். ஒன்று வராவிட்டால் கூலர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். செய்த வேலையெல்லாம் வீண்.

அடைப்போடு, மதியம் மட்டும் அணைவதற்குக் காரணம் அறையின் சூடுதான். அறை 25-லிருந்து 37-க்கு ஏறினால் சிப்பும் ஏறக்குறைய அதே 12 டிகிரி ஏறும். கேபினெட்டைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து தூக்கி வையுங்கள். சித்திரை வெயில் தணியும்வரை விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்டை 99 சதவீதம் ஆக்கினால், சிப் தானே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் டர்போ நின்றுவிடும். வேகம் கொஞ்சம் குறையும், சூடு நன்றாகவே இறங்கும். எல்லாம் செய்தபின் முழு வேலையில் 85-க்குள் நின்றால் கவலையில்லை.

கேள்வி: எங்கள் ஊரில் பேஸ்ட் கிடைக்கவில்லை. டூத்பேஸ்ட் போடலாம் என்கிறார்களே?
- வாசகி, மோல்மேன்

பதில்: வேண்டாம் அம்மா. முதல் நாள் நன்றாகத்தான் இருக்கும். அதிலுள்ள தண்ணீர் சூட்டில் காய்ந்ததும் சுண்ணாம்பாகி வெடித்து, இடையில் காற்று புகுந்துவிடும். ரங்கூனுக்குப் போகிறவர்களிடம் சொல்லி 1 கிராம் ட்யூப் ஒன்று வாங்கி வரச் சொல்லுங்கள், இரண்டு மூன்று தடவைக்கு வரும்.

கேள்வி: ஏஎம்டி கம்ப்யூட்டரில் கூலரை இழுத்தபோது பிராசசரும் சேர்ந்து வந்துவிட்டது. பிராசசரைப் பிடித்திருக்கும் லாக் போட்டபடிதான் இருந்தது. ஏன்?
- வாசகர், பெகு

பதில்: பிராசசரைப் பொருத்தும் இடம்தான் சாக்கெட்; ஏஎம்டியின் டெஸ்க்டாப்களில் ஏஎம்4 வரை வந்த சாக்கெட்டுகளில், மின்தொடர்புக்கான சிறு பின்கள் சிப்பில்தான் இருக்கும். பேஸ்ட் இறுகிப் பசைபோலப் பிடித்துக்கொண்டதால் சிப் உருவிக்கொண்டு வந்துவிட்டது. பின் வளைந்திருந்தால் டார்ச் அடித்துப் பார்த்து, மெக்கானிக்கல் பென்சிலின் முனையை அதன்மேல் நுழைத்து மெல்ல நிமிர்த்துங்கள். அடுத்த தடவை, கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, பேஸ்ட் இளகியிருக்கும்போதே கூலரை இடமும் வலமும் திருகி, பிறகு தூக்குங்கள்.