பிள்ளையை அழவிட்டுத் தூங்கவைக்கலாமா? மருத்துவ மாதுவிடம் தாய்மார் கேட்டவை

முப்பது வருடம் மட்டக்களப்பில் குடும்பநல மாதுவாக வீடு வீடாகப் போய்வந்தவள் நான். இப்போது ஓய்வு. கேள்விகள் மட்டும் ஓய்வதில்லை.

கல்லடித் தாய்: அக்கா, மகனுக்கு நான்கு மாதம். மெல்பேர்னில் இருக்கும் மச்சாள், "இரண்டு நிமிடம் அழவிடு, பிறகு நான்கு, பிறகு ஆறு. ஒரு வாரத்தில் தானாகத் தூங்குவான்" என்கிறாள். அம்மாவோ சண்டைக்கு வருகிறார். யார் சொல்வது சரி?

இந்த வயதுக்கு அம்மா சொல்வதுதான் சரி, மகள். மச்சாள் சொல்லும் முறையில் பிள்ளையைக் கிடத்திவிட்டு வெளியே வருவார்கள். இடைவெளியைக் கூட்டிக் கூட்டி உள்ளே போய்த் தட்டிக்கொடுப்பார்கள், தூக்க மாட்டார்கள். அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் ஃபேர்பர் 1985இல் எழுதிய நூலால் இது உலகெங்கும் பரவியது. ஆனால் மச்சாளின் நாட்டிலும் ஆறு மாதத்துக்கு முன் இதைச் செய்யச் சொல்வதில்லை. நான்கு மாதப் பிள்ளை இரவில் அழுவது பெரும்பாலும் பசியால். பால் சுரக்கவைக்கும் ஹோர்மோனும் இரவில்தான் கூடுதலாக இருக்கிறது. அந்த நேரப் பாலை மறுத்தால் உங்களுக்கும் பால் குறையும்.

ஆரையம்பதித் தகப்பன்: அழுகை நின்றாலும் பிள்ளையின் உடலில் பதற்றம் நிற்பதில்லை, மூளை பாதிக்கும் என்று வாசித்தேன். உண்மையா, அக்கா?

பாதி உண்மை, தம்பி. 2012இல் நியூசிலாந்தில் 25 பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். மூன்றாம் இரவு அழுகை நின்றுவிட்டது. தாய்மாரின் உமிழ்நீரில் கோர்ட்டிசோல் என்ற பதற்ற ஹோர்மோன் குறைந்தது, பிள்ளைகளுடையது குறையவில்லை. சத்தம் அடங்கியதும் தாய் நிம்மதியானாள், பிள்ளை ஆகவில்லை என்று அதற்குப் பொருள் சொன்னார்கள். வாசித்தபோது எனக்கும் நெஞ்சு பிசைந்தது. ஆனால் அழவிடாத பிள்ளைகளை வைத்து அங்கே ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பிறகு 2016இல் அடிலெயிட்டில் 43 பிள்ளைகளைப் பிரித்து ஒப்பிட்டார்கள். அழவிட்ட பிள்ளைகளின் கோர்ட்டிசோல் கூடவில்லை, ஒரு வருடம் கழித்துத் தாயோடு உள்ள ஒட்டுதலிலும் வேறுபாடு இல்லை. சிறிய ஆய்வுதான். மெல்பேர்னில் இன்னும் பெரிதாக ஒன்று செய்தார்கள். ஏழெட்டு மாதத்தில் தொடங்கிய பிள்ளைகளை ஆறு வயதில் பார்த்தபோது கெடுதியும் இல்லை, நன்மையும் மிஞ்சவில்லை. கடைசி வரியை மறக்காதீர்கள். செய்யாவிட்டால் பிள்ளை கெட்டுவிடும் என்று பயமுறுத்துபவர்களுக்கும் அதுதான் பதில்.

அக்கரைப்பற்றுத் தாய்: அழுதால் தொப்புள் பிதுங்கும் என்கிறார்கள்.

அழும்போது பிதுக்கம் பெரிதாகத் தெரியும். அழுகையால் உண்டாவதில்லை. கவட்டில் வீக்கம் வந்து, உள்ளே போகாமல் கல்லுப்போல நின்று, பிள்ளை வாந்தியும் எடுத்தால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

காரைதீவுத் தாய்: பத்து மாத மகளை மூன்று இரவு அழவிட்டேன். இப்போது தூங்குகிறாள். மாமியார் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்கிறார். பாவம் செய்துவிட்டேனா?

இல்லை. நித்திரையின்றிக் கிணற்றடியில் மயங்கி விழுந்த தாய்மாரை நான் தூக்கியிருக்கிறேன். நானென்றால் அழவிட்டிருக்க மாட்டேன், அது என் மனம். பகலில் மகள் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறாளா? அழுதால் உங்களிடம் ஓடிவருகிறாளா? மாமியாருக்கு அதைக் காட்டுங்கள். காய்ச்சல், பல்முளைப்பு, புது இடம் என்று வரும் இரவுகளில் மட்டும் கணக்குப் பார்க்காமல் தூக்குங்கள்.

ஏறாவூர்த் தாய்: மகனுக்கு ஒன்பது மாதம். கணவர் கட்டாரில். இரவில் ஐந்து தடவை எழும்புகிறான். அழவிடலாம் என்றால் ஒரு நிமிடத்தில் உம்மா தூக்கிவிடுகிறார், வேலிக்கு அப்பாலிருந்து சாச்சியும் வந்துவிடுகிறார்.

வரத்தான் செய்வார்கள். நம் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். தாய், சாச்சி, ராத்தா எல்லாம் ஒரே வளவில். பிள்ளைக்குத் தனி அறை இருக்கிற ஊரில் பிறந்த முறையை இங்கே கொண்டுவந்தால் மூன்று நிமிடம் அழவிட்டு ஒருவர் தூக்குவார், மறுநாள் பத்து நிமிடத்தில் இன்னொருவர். அதிக நேரம் அழுதால்தான் ஆள் வரும் என்று பிள்ளை படித்துக்கொள்ளும். அரைகுறையாகச் செய்வதைவிடச் செய்யாமலே விடலாம்.

முதலில் உடம்பைப் பாருங்கள். கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் ஓட்டு வீட்டுக்குள் பெரியவர்களுக்கே நித்திரை வராது. நுளம்பு வலை, மெல்லிய பருத்திச் சட்டை, படுக்குமுன் வயிறு நிறையச் சோறும் பாலும். பிறகு, தூங்கியபின் கிடத்தாமல், கண் செருகும்போதே பாயில் கிடத்தி அருகில் இருந்து தட்டுங்கள். சில நாளில் கையை எடுத்து, குரலை மட்டும் கொடுங்கள். பிறகு கொஞ்சம் தள்ளி இருங்கள். மெல்பேர்ன் ஆய்விலும் இப்படிப் பக்கத்தில் இருந்து விலகும் வழியைத் தேர்ந்தெடுக்கத் தாய்மாருக்கு இடமிருந்தது. உம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவரும் தட்டலாம். வாரக்கணக்கில் இழுக்கும், கோபிக்காதீர்கள். ஏணையில்தான் தூங்குகிறான் என்றால் அதை இன்றே இறக்கிவிடுங்கள். ஒன்பது மாதத்தில் விளிம்பைப் பிடித்து எழும்பப் பார்ப்பான்.